சரடோகா: ஒரு கப்பலும் 167 பேரும்

போன மழைக்காலத்தில் ஒரு நண்பர் வீட்டில் உட்கார்ந்திருந்தேன். டிவியில் கடலுக்கடியில் எடுத்த படமொன்று ஓடிக்கொண்டிருந்தது. முதுகில் சிலிண்டர் கட்டிக்கொண்ட வெள்ளைக்காரர்கள் நாலைந்து பேர், பிரம்மாண்டமான ஒரு போர்க்கப்பலின் மேல்தளத்தில் மீனோடு மீனாக மிதந்துகொண்டிருந்தார்கள். கப்பலின் பெயர் சரடோகா. அதன் நீளம், பட்ட அடி, போட்ட சண்டை, ஓட்டிய தளபதிகளின் பெயர் எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னார்கள். கடைசியில் கேமரா தண்ணீருக்கு மேலே வந்து ஒரு தீவைக் காட்டியது. வெள்ளை மணல், தென்னை மரங்கள். இப்போது இங்கே மக்கள் யாரும் வசிப்பதில்லை என்று ஒரே ஒரு வாக்கியம். அவ்வளவுதான், அடுத்த காட்சிக்குப் போய்விட்டார்கள்.

எனக்கு அந்த வாக்கியம் தொண்டையில் மீன்முள்ளாகச் சிக்கிக்கொண்டது. யாரும் வசிப்பதில்லை என்றால், ஏன் வசிப்பதில்லை? கிராமக் கணக்கில் 'தரிசு' என்று ஒரு சொல்லை எழுதிவிட்டால், அங்கே காலங்காலமாய் ஆடு மேய்த்துக் கிடந்தவன் காணாமல் போய்விடுவான் என்பது நமக்குத் தெரியாத விஷயமா? அதனால் தேடிப் படித்தேன். படித்ததை இங்கே எழுதுகிறேன். கப்பலைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். ஆனால் அது எங்கே கிடக்கிறதோ அந்த இடத்துச் சொந்தக்காரர்களை விட்டுவிட்டு அதைப்பற்றி எழுத என்னால் ஆகாது.

முதலில் கப்பல். சரடோகா என்பது அமெரிக்காவில் ஓர் இடத்தின் பெயர். இங்கிலீஷ்காரனை எதிர்த்து விடுதலைப் போர் நடத்திய அமெரிக்கர்கள் 1777இல் பெரிய வெற்றி கண்ட இடம். அந்தப் பெயரைக் கப்பலுக்கு வைத்தார்கள். 1920இல் நியூஜெர்சி மாநிலத்துக் கேம்டன் நகரில் அதைக் கட்டத் தொடங்கியபோது பெரும் பீரங்கிக் கப்பலாகத்தான் வந்திருக்க வேண்டும். 1922இல் வல்லரசுகள் வாஷிங்டனில் கூடி, ஆளுக்கு இத்தனை போர்க்கப்பல்தான் என்று ஒப்பந்தம் போட்டுக்கொண்டன. பாதி கட்டியதை உடைத்துப்போட மனசில்லாமல், மேலே தட்டையாகத் தளம் போட்டு விமானந்தாங்கிக் கப்பலாக மாற்றிவிட்டார்கள். 1927 நவம்பரில் கடற்படையில் சேர்ந்தது. சுமார் 270 மீட்டர் நீளம். பதினோரு ரயில் பெட்டிகளை வரிசையாக நிறுத்தினால் வருகிற அளவு. லெக்சிங்டன் என்கிற இன்னொரு கப்பல் இதன் உடன்பிறப்பு. அமெரிக்கக் கடற்படை விமானிகளில் ஒரு தலைமுறையே இந்த இரண்டு தளங்களிலும் ஏறி இறங்கித்தான் தொழில் கற்றது. சரடோகாவின் ஆயுசில் அதன் தளத்தில் 98,549 தடவை விமானங்கள் இறங்கியதாகக் கணக்கு வைத்திருக்கிறார்கள்.

ஒன்றுவிடாமல் எண்ணி வைத்திருக்கிற இவர்கள், அந்தத் தளத்துக்குக் கீழே சோறாக்கியது யார் என்று மட்டும் அதிகம் பேசமாட்டார்கள். முதல் உலகப்போர் முடிந்த கையோடு அமெரிக்கக் கடற்படை கறுப்பரைப் புதிதாகச் சேர்ப்பதையே நிறுத்திவிட்டது. அதிகாரிகளுக்குப் பரிமாற பிலிப்பைன்ஸ்காரர்களை எடுத்துக்கொண்டது. 1930களின் தொடக்கத்தில் கறுப்பருக்குக் கதவை மறுபடி கொஞ்சம் திறந்தார்கள். ஒரே ஒரு வேலைக்கு: 'மெஸ்மேன்'. அதாவது சமையற்கட்டு, பரிமாறல், அதிகாரியின் படுக்கை விரிப்பது, ஷூவுக்குப் பாலிஷ் போடுவது. பீரங்கிப் பக்கமோ எஞ்சின் பக்கமோ வேலை கற்கக் கூடாது. இது கடற்படை முழுவதற்குமான சட்டம். சரடோகா அதற்கு விலக்கல்ல.

நம்மூரில் சாதி நம்மைச் சமையற்கட்டுக்கு வெளியே நிறுத்தியது. சத்துணவுக் கூடத்தில் நம்ம வீட்டுப் பொம்பளை சமைக்கிறாள் என்று தெரிந்தால் பிள்ளையைச் சாப்பிடவிடாமல் கூட்டிக்கொண்டு போகிற ஊர் இன்றைக்கும் இருக்கிறது. அங்கே நிறம் கறுப்பரைச் சமையற்கட்டுக்குள் வைத்துப் பூட்டியது. உன் கையால் ஆக்கிப்போட்டால் தின்போம், உன் கையில் துப்பாக்கி மட்டும் தரமாட்டோம் என்றது. நான் இரண்டையும் ஒன்று என்று சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்லிவிட்டுப் போவது சுலபம். சோற்றைத் தொடவிடாதவனும் சோறாக்க மட்டும் விடுகிறவனும் வேறு வேறு விதமாகக் கணக்குப் போடுகிறார்கள் என்பதைத்தான் கவனிக்கச் சொல்கிறேன்.

1941 டிசம்பர் 7 அன்று ஜப்பானியர் பேர்ல் துறைமுகத்தைத் தாக்கினார்கள். சரடோகா அன்றைக்கு அங்கே இல்லை. கலிபோர்னியாவில் சான் டியாகோ துறைமுகத்துக்கு விமானங்களை ஏற்றிக்கொள்ள வந்துகொண்டிருந்தது. பேர்ல் துறைமுகத்தில் நின்ற வெஸ்ட் வெர்ஜினியா கப்பலில் டோரி மில்லர் என்றொரு கறுப்பு மெஸ்மேன் இருந்தார். குண்டு விழுந்த நேரம் காயம்பட்ட கப்பல் தலைவரைத் தூக்கி நகர்த்த உதவினார். பிறகு யாரும் சொல்லித்தராத எந்திரத் துப்பாக்கியைப் பிடித்துச் சுட்டார். 1942 மே மாதம் அவருக்கு நேவி கிராஸ் பதக்கம் குத்தினார்கள். பதக்கம் குத்திக்கொண்டு அவர் எங்கே போனார்? சமையலுக்குத்தான். 1943 நவம்பரில் கில்பர்ட் தீவுகள் பக்கம் லிஸ்கம் பே என்ற விமானந்தாங்கி டார்பிடோ பட்டு மூழ்கியபோது, அதில் சமையல்காரராகவே செத்தார்.

சரடோகாவின் யுத்தக் கதை வெற்றி மேல் வெற்றி என்று போகவில்லை. 1942 ஜனவரி 11இல் ஹவாய்க்குத் தென்மேற்கே ஜப்பானிய நீர்மூழ்கி ஒன்று டார்பிடோ விட்டது. கொதிகலன் அறைகள் மூன்றில் தண்ணீர் புகுந்தது, ஆறு பேர் செத்தார்கள். கப்பலைப் பழுது பார்த்து முடிப்பதற்குள் மே மாதம் லெக்சிங்டன் பவளக்கடல் சண்டையில் போய்விட்டது. ஜூனில் மிட்வே சண்டைக்கும் இது வந்து சேர முடியவில்லை. ஆகஸ்டில் குவாடல்கனால் தீவில் படை இறங்கத் துணை நின்றது. 24ஆம் தேதி இதன் விமானங்கள் ரியூஜோ என்ற ஜப்பானிய விமானந்தாங்கியை மூழ்கடித்தன. ஒரு வாரம்கூட நிம்மதியில்லை. 31ஆம் தேதி மறுபடி ஒரு டார்பிடோ, மறுபடி பட்டறை.

1943 நவம்பர் 5இல் நியூ பிரிட்டன் தீவின் ரபவுல் துறைமுகத்தில் நின்ற ஜப்பானியப் போர்க்கப்பல்களைச் சரடோகாவின் விமானங்கள் அடித்து நொறுக்கின. கப்பல் வரலாற்றுப் புத்தகங்களில் பெரிதாகப் பேசப்படும் நாள் அது. 1942இல் சிங்கப்பூரில் சரணடைந்த இந்தியச் சிப்பாய்களில் ஆயிரக்கணக்கானோரை ஜப்பானியர் அந்த நியூ பிரிட்டன், நியூ கினிப் பக்கம்தான் கொண்டுபோய் கைதிக் கூலிகளாக வேலை வாங்கினார்கள். பட்டினியிலும் நோயிலும் செத்தவர்கள் போக, அமெரிக்கக் குண்டிலும் செத்தார்கள். அவர்கள் எந்த ஊர், எந்தத் தெரு என்று நம் வரலாற்றுக்காரர்கள் யாரும் மெனக்கெட்டதாகத் தெரியவில்லை.

1944 ஜனவரி கடைசியிலும் பிப்ரவரியிலும் இந்தக் கப்பல் மார்ஷல் தீவுகளுக்கு வந்தது. வோட்ஜே, தரோவா, எனிவெட்டாக் என்று ஒவ்வொன்றாகக் குண்டு போட்டது. இதை மனசில் வைத்துக்கொள்ள வேண்டும். மார்ஷல் தீவுக்காரர்கள் யாரோடும் சண்டைக்குப் போகவில்லை. ஜெர்மன்காரன் ஆண்டான், 1914இல் ஜப்பான்காரன் பிடித்துக்கொண்டான், 1944இல் அமெரிக்கன் வந்தான். மூன்று துரைமாரும் மாறி மாறி அடித்துக்கொண்டது இவர்களுடைய தென்னந்தோப்பில்.

அங்கிருந்து நேராக நம் பக்கம். 1944 மார்ச் 31இல் சரடோகா திருகோணமலைத் துறைமுகத்தில் நங்கூரம் போட்டது. பிரிட்டிஷாரின் கிழக்குக் கடற்படைக்கு விமானந்தாங்கிக் கப்பல் போதவில்லை. அமெரிக்கா இதைக் கடனாகக் கொடுத்தது. இங்கிருந்து புறப்பட்டுப்போய், இல்லஸ்ட்ரியஸ் என்ற பிரிட்டிஷ் கப்பலோடு சேர்ந்து ஏப்ரல் 19இல் சுமத்திராவின் சபாங் துறைமுகத்தையும், மே 17இல் ஜாவாவின் சுரபயாவையும் தாக்கியது. ஆக, இன்றைக்குப் பசிபிக் கடலடியில் கிடக்கிற அந்த இரும்பு, ஒரு காலத்தில் தமிழ் பேசுகிற துறைமுகத்தில் ஒரு மாதத்துக்கு மேல் வந்துபோய்க்கொண்டிருந்தது.

கப்பலுக்கு மிகக் கெட்ட நாள் 1945 பிப்ரவரி 21. இவோ ஜிமா தீவுக்கு அருகில் தற்கொலை விமானங்களும் குண்டுகளும் அடுத்தடுத்து விழுந்தன. 123 பேர் செத்தார்கள் அல்லது காணாமல் போனார்கள். 192 பேருக்குக் காயம். அதிலும் தப்பி, தீயை அணைத்துக்கொண்டு, தானாகவே கரை சேர்ந்தது. யுத்தம் முடிந்ததும் 29,204 சிப்பாய்களை ஊருக்குத் திருப்பிக் கொண்டுவந்து சேர்த்தது. வேறெந்தக் கப்பலும் இத்தனை பேரைக் கொண்டுவரவில்லை. எதிரி மூன்று தடவை முயன்றும் மூழ்கடிக்க முடியாத இந்தக் கப்பலை மூழ்கடித்தது அமெரிக்காவேதான்.

ஹிரோஷிமா, நாகசாகி முடிந்த பிறகு அமெரிக்க ராணுவத்துக்குள் ஒரு பங்காளிச் சண்டை. அணுகுண்டு வந்துவிட்டது, இனிமேல் கப்பலெல்லாம் எதற்கு என்றது விமானப்படைத் தரப்பு. அடித்தாலும் எங்கள் கப்பல் தாங்கும் என்று காட்டவேண்டிய கட்டாயம் கடற்படைக்கு. 'கிராஸ்ரோட்ஸ்' என்று பெயர் வைத்து, பழைய கப்பல், பிடிபட்ட எதிரிக் கப்பல் என்று தொண்ணூற்றுச் சொச்சத்தை ஓரிடத்தில் நிறுத்தி அதன்மேல் அணுகுண்டு போட்டுப் பார்ப்பது என்று முடிவானது. சரடோகா பழசாகிவிட்டது, புதுக் கப்பல்கள் நிறைய வந்துவிட்டன. பட்டியலில் அதையும் சேர்த்தார்கள். ஜப்பானின் நாகாட்டோவும் அதே பட்டியலில். பேர்ல் துறைமுகத்தைத் தாக்க உத்தரவு போட்ட தளபதி யமமோட்டோவின் கப்பல் அது.

இடம்தான் வேண்டும். 1946 ஜனவரி 24 அன்று இடத்தை அறிவித்தார்கள்: மார்ஷல் தீவுகளில் பிகினி. பவளப்பாறை மோதிரம்போல வளைந்து, அதன்மேல் 23 குட்டித் தீவுகள். நடுவில் அலையடங்கிய பெரிய நீர்ப்பரப்பு. நான் அதைக் காயல் என்றே எழுதுகிறேன். அந்தக் காயலில் மீன்பிடித்து, தென்னையும் தாழையும் வைத்து, தாய்வழியில் நிலத்தைப் பங்குபோட்டுக்கொண்டு 167 பேர் வாழ்ந்தார்கள்.

ஜனவரியில் முடிவெடுத்தவர்கள் பிப்ரவரியில் சம்மதம் கேட்க வந்தார்கள். பிப்ரவரி 10, ஞாயிற்றுக்கிழமை. மாதாகோவிலில் பூசை முடிந்து ஜனங்கள் வெளியே வந்த நேரம். மார்ஷல் தீவுகளின் ராணுவ ஆளுநர் பென் வையட் அவர்களை உட்காரவைத்துப் பேசினார். மனிதகுலத்தின் நன்மைக்காக, உலகப் போர்கள் எல்லாவற்றுக்கும் முடிவு கட்டுவதற்காக, தற்காலிகமாக உங்கள் தீவை விட்டுத்தர முடியுமா என்று கேட்டார். பைபிளிலிருந்து இஸ்ரவேல் ஜனங்களின் கதையையும் எடுத்துவிட்டார். மிஷனரிமார் கற்றுக்கொடுத்த அதே பைபிள். தலைவர் ஜூடா ஜனங்களோடு கலந்து பேசிவிட்டு, எல்லாம் கடவுள் கையில் இருக்கிறது என்கிற பொருளில் பதில் சொன்னார். அதைச் சம்மதம் என்று எழுதிக்கொண்டார்கள்.

நான் சின்னப் பையனாக இருந்தபோது எங்க காலனி ஓரமாக ரோடு அகலப்படுத்தினார்கள். முதலில் கல் நட்டார்கள். இரண்டு மாசம் கழித்துக் கருத்துக்கேட்புக் கூட்டம் என்று தண்டோரா போட்டார்கள். எங்க பாட்டி போய் உட்கார்ந்துவிட்டு வந்து, "கல்லு நட்டப்புறம் நம்மள என்னடா கேக்குறானுவ" என்றாள். ஜூடாவும் இதைத்தான் நினைத்திருப்பாரோ என்னவோ. எல்லாம் கடவுள் கையில் என்பது 'சரிங்க ஐயா' என்று அர்த்தமாகாது. எதிரே துப்பாக்கியோடு நிற்கிறவனிடம் வேறென்ன சொல்ல முடியும் என்பதுதான் அதன் அர்த்தம். ஜப்பானைத் தோற்கடித்தவர்களை அந்த 167 பேரும் கண்ணால் பார்த்தவர்கள்.

பிறகு அந்தக் கூட்டத்தைக் கேமராவுக்காக மறுபடி நடத்தினார்கள். ஒரு தடவை இல்லை, பல தடவை. வையட் திரும்பத் திரும்பக் கேட்க, ஜூடா திரும்பத் திரும்பப் பதில் சொல்லவேண்டி வந்தது. உலகம் பார்த்த செய்திப்படம் அதுதான். 1946 மார்ச் 7இல் பிகினி மக்களைக் கப்பலேற்றி சுமார் 200 கிலோமீட்டர் கிழக்கே ரோங்கெரிக் தீவில் இறக்கினார்கள். கேடு செய்கிற ஒரு பேய் உலவுகிற இடம் என்று அவர்கள் தலைமுறை தலைமுறையாக ஒதுக்கி வைத்திருந்த தீவு. தண்ணீர் குறைவு, தென்னை காய்க்காது, மீன்களில் விஷம். பேய் கதை என்று நாம் சிரிக்கிறோம். எந்தத் தீவு வாழவிடாது என்று ஒரு ஜனம் ஞாபகம் வைத்துக்கொள்கிற முறை அது.

இந்த இரண்டு தேதிக்கும் நடுவே, பிப்ரவரி 27 அன்று, அமெரிக்கக் கடற்படை ஒரு சுற்றறிக்கை விட்டது. கறுப்பருக்கு இருந்த வேலைக் கட்டுப்பாடுகள் எல்லாம் ரத்து, எல்லாக் கப்பலிலும் எல்லா வேலையும் செய்யலாம் என்று. காகிதத்தில் நல்ல உத்தரவு. நடைமுறையில் பெரும்பாலான கறுப்பர்கள் பல வருசம் சமையற்கட்டிலேயேதான் இருந்தார்கள். ஒரே கடற்படை, ஒரே மாதத்தில், ஒரு ஜனத்துக்குச் சமத்துவம் என்று எழுதுகிறது. இன்னொரு ஜனத்தைப் பெட்டி கட்டச் சொல்கிறது. இதை முரண் என்று பலரும் எழுதுவார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஓட்டுப் போடக்கூடியவன், வழக்குப் போடக்கூடியவன், தெருவில் இறங்கக்கூடியவன் போராடி வாங்கியது அது. 167 பேருக்கு ஓட்டும் இல்லை, தெருவும் இல்லை.

1946 ஜூலை 1, முதல் குண்டு. விமானத்திலிருந்து போட்டார்கள். குறி தவறி விழுந்தது. சரடோகாவுக்குப் பெரிய சேதம் இல்லை. கப்பல்களில் மனுசருக்குப் பதிலாக ஆடு, பன்றி, எலிகளைக் கட்டிவைத்திருந்தார்கள். நாலு நாள் கழித்து, ஜூலை 5இல், பாரிசில் லூயி ரேஆர் என்பவர் பெண்களுக்கான துண்டு நீச்சலுடை ஒன்றை அறிமுகப்படுத்தி அதற்குப் பிகினி என்று பெயர் வைத்தார். நம் பிள்ளைகளுக்கு அந்தப் பெயர் அந்த உடையாகத்தான் தெரியும்.

ஜூலை 25, இரண்டாவது குண்டு. ஒரு கப்பலுக்கு அடியில் 90 அடி ஆழத்தில் தொங்கவிட்டு வெடித்தார்கள். காயல் தண்ணீர் தூணாக எழும்பி, கப்பல்களின்மேல் விழுந்தது. அரைக் கிலோமீட்டருக்குள் நின்ற சரடோகாவின் பின்பக்கத்தை அலை நாற்பது அடிக்குமேல் தூக்கிப் போட்டது. பெரிய புகைபோக்கி தளத்தின்மேல் சரிந்தது. உடனே மூழ்கவில்லை. ஏழெட்டு மணி நேரம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. இழுத்துப்போய்க் கரையில் தட்டவைக்கலாம் என்று பார்த்தார்கள்; கிட்டே போக முடியாத அளவு கதிர்வீச்சு. நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாகாட்டோ இன்னும் நாலு நாள் மிதந்து, ஒரு ராத்திரியில் யாரும் பார்க்காதபோது கவிழ்ந்தது.

மிதந்த மற்றக் கப்பல்களைக் கழுவச் சிப்பாய்களை அனுப்பினார்கள். துடைப்பமும் சோப்புமாக. கதிர்வீச்சைத் தேய்த்துக் கழுவினால் போய்விடும் என்று நினைத்திருக்கிறார்கள். மேலங்கிகூட இல்லாமல் தேய்த்த பையன்கள் உண்டு. ஆகஸ்ட் 10இல்தான், மருத்துவர்கள் காட்டிய ஆதாரத்துக்குப் பிறகு, நிறுத்தினார்கள். அந்தச் சோதனைக்கு வந்திருந்த நாற்பதாயிரத்துக்கு மேற்பட்டவர்களில் பலர் பின்னால் நோய் நொடி என்று அரசோடு வருசக்கணக்கில் மல்லுக்கட்டினார்கள். சோதனையை நடத்திய தளபதி பிளாண்டி அந்த நவம்பரில் மனைவியோடு சேர்ந்து குண்டுப்புகை வடிவில் செய்த கேக்கை வெட்டுகிற போட்டோ இருக்கிறது. கண்டால் பாருங்கள்.

இரண்டாவது குண்டுக்குப் பிறகு ஜூடாவைப் பிகினிக்குக் கூட்டிப்போய்க் காட்டினார்கள். அவர் ரோங்கெரிக்குக்குத் திரும்பி, தீவு அப்படியே இருக்கிறது, மரங்கள் நிற்கின்றன, நம்ம ஊர் நம்ம ஊராகவே இருக்கிறது என்று தன் ஜனங்களிடம் சொன்னார். நான் படித்ததிலேயே என்னை அதிகம் கலங்கடித்த விவரம் இதுதான். கண்ணுக்குத் தெரிகிற கேட்டைத்தான் அந்த மனுசர் தேடினார். நாமும் அப்படித்தான் தேடியிருப்போம்.

ரோங்கெரிக்கில் பட்டினி. 1948 தொடக்கத்தில் லெனார்ட் மேசன் என்ற மானுடவியலாளர் போய்ப் பார்த்து, இந்த ஜனங்கள் செத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று சொன்ன பிறகே அரசு அசைந்தது. குவாஜலைன் தீவில் விமான ஓடுபாதை ஓரத்தில் கூடாரம் போட்டு வைத்தார்கள். அந்த நவம்பரில் கிலி என்கிற தீவு. ஒரு சதுர கிலோமீட்டர்கூட இல்லை. முக்கியமாக, காயல் இல்லை. நாலு பக்கமும் அலையடிக்கும். வருசத்தில் பல மாதம் தோணி இறக்க முடியாது. நெய்தல் நிலத்து மக்களிடமிருந்து கடலைப் பிடுங்காமலே கடலை எடுத்துவிட முடியும் என்பதை அங்கே செய்து காட்டினார்கள்.

பிகினியில் 1958 வரை மொத்தம் 23 அணுச் சோதனைகள். 1954 மார்ச் 1இல் வெடித்த 'பிராவோ' ஹிரோஷிமா குண்டைப்போல ஆயிரம் மடங்கு. மூன்று தீவுகள் ஆவியாயின. பக்கத்து ரோங்கெலாப் தீவுப் பிள்ளைகள்மேல் வெள்ளைச் சாம்பல் விழுந்தது. ஜப்பானிய மீன்பிடிப் படகு ஒன்றின்மேலும் விழுந்து, அதிலிருந்த வானொலிக்காரர் குபோயாமா செப்டம்பரில் செத்தார். 1968இல் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஜான்சன் இனிப் பிகினிக்குத் திரும்பலாம் என்றார். எழுபதுகளில் சில குடும்பங்கள் நம்பிப் போனார்கள், வீடு கட்டினார்கள், பிள்ளை பெற்றார்கள். 1978இல் உடம்பில் சீசியம் ஏறிவிட்டது என்று மறுபடி கப்பலேற்றினார்கள்.

அந்தச் சீசியம் எங்கிருந்து வந்தது என்று புரிந்துகொண்டால்தான் முக்குளிப்பு விவகாரம் புரியும். பவளத்தீவு மண்ணில் பொட்டாசியம் குறைவு. தென்னைக்குப் பொட்டாசியம் வேண்டும். சீசியம் கிட்டத்தட்ட அதே குணமுள்ளது. வேர் ஏமாந்துபோய் அதை உறிஞ்சி இளநீரிலும் தேங்காயிலும் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. ஆனால் காயல் தண்ணீரில் அது பெரும்பாலும் கரைந்து, வெளிக்கடலுக்குப் போய்விட்டது. ஆகவே கடலில் இறங்கி நீந்துவது ஆபத்தில்லை. கரையில் தேங்காய் உடைத்துத் தின்று வாழ்வதுதான் ஆபத்து. சர்வதேச அணுசக்தி முகமையும் 1998இல் கிட்டத்தட்ட இதையே சொன்னது: உள்ளூர் விளைச்சலையே தின்று அங்கே நிரந்தரமாகக் குடியிருக்கப் பரிந்துரைக்க முடியாது.

விருந்தாளி வந்து கடலடியில் கப்பல் பார்க்கலாம். வீட்டுக்காரன் தன் மரத்து இளநீரைக் குடிக்கக் கூடாது.

சரடோகா நிமிர்ந்தபடி கிடக்கிறது. தளம் சுமார் 30 மீட்டர் ஆழத்தில், அடித்தரை ஐம்பது மீட்டருக்கும் கீழே. உள்ளே விமானங்கள் இருக்கின்றன, வெடிக்காத குண்டுகளும் இருக்கின்றன. 1989, 90இல் அமெரிக்கத் தேசியப் பூங்காத் துறை ஆய்வாளர்கள் இறங்கி அளந்தார்கள். மூழ்கிய கப்பல்களின் உரிமை பின்னால் பிகினி மக்களுக்கே எழுதித் தரப்பட்டது. நிலத்தை எடுத்துக்கொண்டு இரும்பைக் கொடுத்தார்கள். அந்த ஜனங்கள் சும்மா இருக்கவில்லை. 1996இல் அவர்களுடைய உள்ளாட்சி மன்றமே முக்குளிப்புக்காரர்களைக் கூட்டிவந்து காசு பார்த்தது. 2008இல் விமானப் போக்குவரத்துச் சிக்கலாலும் எண்ணெய் விலையாலும் நின்றுபோய், பிறகு தங்கும் வசதியுள்ள படகுகளில் ஆள் வருவது தொடர்ந்தது. 2010இல் பிகினியை உலகப் பாரம்பரியச் சின்னமாக யுனெஸ்கோ சேர்த்துக்கொண்டது.

அதே 2010இல்தான் அமெரிக்க உச்சநீதிமன்றம் பிகினி மக்களின் வழக்கை விசாரிக்கவே மாட்டேன் என்றது. 2001இல் அணு இழப்பீட்டுத் தீர்ப்பாயம் அவர்களுக்கு 56 கோடி டாலருக்கு மேல் தரவேண்டும் என்று தீர்ப்புச் சொல்லியிருந்தது. தீர்ப்பாயத்திடம் பணம் இல்லை. கிடைத்தது சொற்பம். வேறு வழியில் வந்த அறக்கட்டளைப் பணம் ஒன்று இருந்தது; 2017இல் அதன் கட்டுப்பாட்டை அமெரிக்க அரசு விட்டுக்கொடுத்தது. அடுத்த ஐந்தாறு வருசத்தில் அந்தப் பணம் அநேகமாகக் காலி. செலவழித்தது பிகினிக்காரர்களின் சொந்த மன்றம்தான். இதை எழுதாமல் விட்டால் நான் அவர்களுக்கு நல்லது செய்ததாகாது. நம்ம பேரில் வந்த பணம் நம்ம தலைவர்கள் கையில் என்ன ஆனது என்கிற கேள்வியை நாமும் நம்மூரில் கேட்காமல் இல்லையே.

பிகினிக்கென்று ஒரு கொடி உண்டு. பார்க்க அமெரிக்கக் கொடி மாதிரியே இருக்கும், வேண்டுமென்றே அப்படிச் செய்தது. 23 வெள்ளை நட்சத்திரங்கள், தீவுக்கு ஒன்று. மேல் மூலையில் மூன்று கறுப்பு நட்சத்திரங்கள், பிராவோவில் ஆவியான தீவுகளுக்கு. கீழே இன்னும் இரண்டு கறுப்பு. அவர்கள் இப்போது ஒண்டியிருக்கும் கிலிக்கும் எஜித்துக்கும். அடியில் ஜூடா வையட்டுக்குச் சொன்ன அந்தப் பதில், அவர்கள் பாஷையில்.

கிலியிலும் நிலைமை சரியில்லை. 2011இலிருந்து பெரிய அலைகள் ஊருக்குள் புகுந்து கிணற்றை உப்பாக்குகின்றன. 2015இல், மறுகுடியேற்ற நிதியைக் கொண்டு அமெரிக்காவிலேயே குடியேற விடுங்கள் என்று கேட்கிற அளவுக்கு வந்துவிட்டார்கள். ஏற்கெனவே மார்ஷல் தீவுக்காரர்கள் ஆயிரக்கணக்கில் அமெரிக்காவின் ஸ்பிரிங்டேல் என்ற ஊரில் இருக்கிறார்கள், பிகினிக்காரர்களும் உண்டு. கோழி வெட்டிச் சுத்தம் செய்து பொட்டலம் போடுகிற தொழிற்சாலைகளில் வேலை. ஸ்பிரிங்டேல் இருக்கிற மாநிலம் ஆர்கன்சாஸ். அந்த மாநிலத்தின் பெயர் வைத்த போர்க்கப்பலும், சரடோகா மூழ்கிய அதே நாளில், அதே குண்டில் மூழ்கி, அவர்களுடைய காயலில்தான் குப்புறக் கிடக்கிறது.